சியெனாவில் வேகமான குதிரைக்கு ஏன் இடமில்லை?

பத்துக் குதிரைகள், மூன்று சுற்று, ஆயிரம் மீட்டருக்குச் சற்று மேல். சேணம் கிடையாது, வெற்று முதுகில் உட்கார்ந்துதான் ஓட்ட வேண்டும். ஒன்றேகால் நிமிடத்திலிருந்து ஒன்றரை நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். ஆனால் புறப்படும் இடத்தில் அந்தக் குதிரைகள் வரிசைக்கு வருவதும் கலைவதும் மறுபடி வருவதுமாக முக்கால் மணி, சில சமயம் ஒரு மணி நேரத்துக்கு மேல்கூடப் போகும். தொலைக்காட்சியில் முதன்முறை பார்ப்பவர் பொறுமை இழந்து சேனலை மாற்றிவிடுவார். ஊர்க்காரர்களுக்கோ அந்த ஒரு மணி நேரம்தான் பந்தயத்தில் பாதி.

இத்தாலியின் டஸ்கனிப் பகுதியில், ஃபுளோரன்சுக்குத் தெற்கே இருக்கும் சியெனாவில் ஆண்டுதோறும் ஜூலை 2, ஆகஸ்ட் 16 ஆகிய இரு நாட்களில் நடக்கும் பாலியோ இது. சுற்றுலாக் கையேடுகளில் ‘இடைக்காலக் குதிரைப் பந்தயம்’ என்று ஒரே வரியில் கடந்துவிடுவார்கள். குதிரைப் பந்தயம் என்று பார்த்தால் இதில் பாதி விஷயம் அபத்தமாகத் தெரியும்: மிக வேகமான குதிரைகளை முன்கூட்டியே ஒதுக்கிவிடுகிறார்கள், யாருக்கு எந்தக் குதிரை என்பது குலுக்கலில் முடிவாகிறது, ஜாக்கிகள் ஒருவரை ஒருவர் சாட்டையால் அடித்துக்கொள்ளலாம், ஓட்டியவர் கீழே விழுந்த பிறகும் குதிரை மட்டும் ஓடி ஜெயிக்கலாம். சுதந்திரத்தை இழந்த ஒரு குடியரசு தன் கூட்டணிகளையும் பகைகளையும் பேரங்களையும் 17 பேட்டைகளுக்குள் பத்திரப்படுத்திக்கொண்ட ஏற்பாடு என்று பார்த்தால் ஒவ்வொரு விதிக்கும் காரணம் தெரிய ஆரம்பிக்கும். அதற்கு முதலில் ஊரைப் பார்க்க வேண்டும்.

ஆறில்லாத ஊர்

மூன்று மேடுகள் ஒன்றுகூடும் இடத்தில் சியெனா உட்கார்ந்திருக்கிறது. அதனால் ஊரும் மூன்று பாகம்: சித்தா, சான் மார்த்தினோ, கமோல்லியா. ஒவ்வொன்றையும் ‘தெர்ட்ஸோ’, அதாவது மூன்றில் ஒன்று என்பார்கள். வட ஐரோப்பாவிலிருந்து ரோமுக்குப் போகும் ஃபிராஞ்சிஜெனா யாத்திரைப் பாதை ஊருக்குள்ளேயே போனது. யாத்ரீகர்கள் வந்தார்கள், வணிகர்கள் வந்தார்கள், நாணயம் மாற்றிக் கொடுத்தவர்களும் வட்டிக்குக் கொடுத்தவர்களும் செழித்தார்கள். 13-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் பெரிய வங்கிக் குடும்பங்களில் சில சியெனாவைச் சேர்ந்தவை. காசு இருந்தது, குடிக்கத் தண்ணீர்தான் இல்லை. பக்கத்தில் ஆறு கிடையாது.

இதற்கு அவர்கள் கண்ட வழி ‘பொத்தீனி’ எனப்படும் சுரங்கக் கால்வாய்கள். ஊருக்கு அடியிலும் வடக்கே வெளியிலுமாகச் சுமார் 25 கிலோமீட்டர் நீளம். ஓர் ஆள் நடந்துபோகும் உயரத்தில் குடைந்தவை. சியெனாவின் மேடுகளில் மேலே மணற்பாங்கான அடுக்கு, அதற்குக் கீழே களிமண். மழைநீர் மணலில் இறங்கி, களிமண்ணைத் தொட்டதும் நின்றுவிடும். அந்த மட்டத்தில் சுரங்கம் தோண்டினால் சுவர்களிலிருந்து தண்ணீர் கசிந்து சொட்டும். தரையின் நடுவே வெட்டிய சிறு வாய்க்கால் அந்தச் சொட்டுகளைச் சேர்த்து ஊருக்குள் கொண்டுவரும். ஆயிரம் மீட்டருக்கு ஒரு மீட்டர் என்ற கணக்கில்தான் சரிவு. சரிவு கூடினால் ஓட்டம் வேகம் பிடித்து வாய்க்காலை அரிக்கும், குறைந்தால் தேங்கும். வழியில் ஆங்காங்கே மணல் படிவதற்குத் தொட்டிகள். தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம் என்பதால் வாய்க்காலில் கல்போலப் படிந்து அடைத்துக்கொள்ளும். அதைச் சுரண்டி எடுக்க ஆட்களை நிரந்தரமாக வைத்திருக்க வேண்டியிருந்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமியாத்தா மலையிலிருந்து குழாய்த் தண்ணீர் வரும்வரை ஊர் இந்தக் கசிவில்தான் வாழ்ந்தது.

ஊருக்கு அடியில் ‘தியானா’ என்றோர் ஆறு ஓடுகிறது என்ற நம்பிக்கையில் சியெனாக்காரர்கள் தோண்டித் தோண்டிச் செலவழித்தார்கள். ஃபுளோரன்ஸ்காரரான தாந்தே இதைத் தன் காவியத்திலேயே கேலி செய்துவிட்டுப் போனார். ஆறு கிடைக்கவில்லை, சுரங்கங்கள் கிடைத்தன.

இந்தத் தண்ணீர் வெளியே வரும் இடங்களில் பழமையும் பெருமையும் மிக்கது ஃபொன்தெபிராந்தா. 1081-லேயே ஆவணத்தில் பெயர் வருகிறது. இப்போது நாம் பார்க்கும் செங்கல் வளைவுகள் 1246-ஐச் சேர்ந்தவை. சியெனாவின் ஊற்றுகளில் தொட்டிகள் படிப்படியாக இருக்கும். முதல் தொட்டி குடிதண்ணீருக்கு. அதில் நிரம்பி வழிவது மாடு, குதிரைகளுக்கு. அதிலிருந்து வழிவது துணி துவைக்க. எஞ்சிய நீர் பள்ளத்தில் இறங்கித் தோல் பதனிடுவோருக்கும் சாயத் தொழிலாளருக்கும் ஆலைகளுக்கும் போகும். ஒரு சொட்டை நான்கு முறை பயன்படுத்திய ஊர். இந்தப் பள்ளத்துச் சாயக்காரர் ஒருவரின் மகளாகத்தான் 1347-இல் புனித கத்தரீனா பிறந்தார். இன்று இத்தாலியின் பாதுகாவல் புனிதர்களில் ஒருவர் அவர்.

ஒன்பது பேரும் ஒரு பெருநோயும்

1260 செப்டம்பர் 4-ஆம் தேதி மொந்தபெர்த்தி என்ற இடத்தில் சியெனாப் படை தன்னைவிடப் பெரிய ஃபுளோரன்சுப் படையைத் தோற்கடித்தது. ஏழரை நூற்றாண்டுக்கு மேலாகியும் அந்த நாளை ஊரில் யாரும் மறக்கவில்லை. அதற்குப் பிந்தைய தலைமுறைகள்தாம் சியெனாவின் பொற்காலம். 1287 முதல் 1355 வரை ஒன்பது பேர் கொண்ட குழு ஊரை ஆண்டது. தொடர்ந்து அதிகாரத்தில் ஒட்டிக்கொள்ளாதபடி உறுப்பினர்கள் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மாறுவார்கள். பதவியில் இருக்கும்வரை அரண்மனையிலேயே தங்க வேண்டும்.

அவர்கள் கட்டியதுதான் காம்போ சதுக்கமும் அதன் கீழ்ப்புறத்தில் நிற்கும் பொது அரண்மனையும். சதுக்கம் என்கிறோமே தவிர, அது சதுரமில்லை. மூன்று மேடுகளுக்கு நடுவே மழைநீர் இறங்கிய பள்ளம் அது. சிப்பி ஓடு போல விரிந்து அரண்மனையை நோக்கிச் சரிகிறது. செங்கல் தளத்தை வெள்ளைக் கல் கோடுகள் ஒன்பது பாகமாகப் பிரிக்கின்றன, ஆட்சிக் குழுவின் எண்ணிக்கைக்கு. 1349-இல் தளம் முடிந்தது. அதற்கு முன்பே, 1297-இல், சதுக்கத்தைப் பார்த்து வீடு கட்டுவோர் அரண்மனையின் பாணியில் சிறு தூண் வைத்த சன்னல்களையே அமைக்க வேண்டும் என்று விதித்துவிட்டார்கள். இன்று அந்த வளைவான முகப்பு ஒரே கையால் வரைந்தது போலத் தெரிவதற்கு 700 ஆண்டுப் பழமையான கட்டட விதிகள்தாம் காரணம்.

ஊரின் நிறத்தையும் ஒரு நிமிடம் சொல்லியாக வேண்டும். ஓவியப் பெட்டியில் ‘பர்ன்ட் சியன்னா’ என்று எழுதிய செம்பழுப்பு வில்லை இருக்கிறதே, அந்தப் பெயர் இந்த ஊருடையது. இந்த வட்டாரத்தில் தோண்டியெடுத்த இரும்புச்சத்து மிக்க மஞ்சள் மண்ணை அப்படியே அரைத்தால் சுடாத சியன்னா. சுட்டால் அதிலுள்ள நீர் வெளியேறி, செம்மை ஏறிய சுட்ட சியன்னா.

அரண்மனையில் ஒன்பது பேர் கூடிப் பேசிய அறையில் 1338-39-இல் அம்புரோஜோ லொரென்செத்தி மூன்று சுவர்களில் ஓவியம் தீட்டினார். நல்லாட்சி நடந்தால் ஊரும் வயலும் எப்படி இருக்கும், கொடுங்கோல் வந்தால் எப்படி ஆகும் என்பதே பொருள். ஒருபுறம் கொத்தனார்கள் வீடு கட்டுகிறார்கள், கடைகள் திறந்திருக்கின்றன, பெண்கள் கைகோத்து ஆடுகிறார்கள். மறுபுறம் எரிந்த கிராமங்கள். தேவாலயத்துக்கு வெளியே, புனிதர்களை விட்டு அரசியலை இவ்வளவு பெரிதாக வரைந்தது அந்தக் காலத்தில் அபூர்வம். சியெனாவில் ஒரே ஒரு அறையைப் பார்க்கத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதைப் பார்க்க வேண்டும்.

அடுத்த பத்தாண்டு முடிவதற்குள் எல்லாம் சரிந்தது. 1348-இல் கொள்ளைநோய் வந்து ஊரில் பாதிக்கு மேற்பட்டோரைக் கொண்டுபோனது. லொரென்செத்தியும் அதில்தான் இறந்திருக்க வேண்டும். அஞோலோ தி தூரா என்ற வரலாற்றெழுத்தாளர் தம் ஐந்து பிள்ளைகளைத் தம் கையாலேயே புதைத்ததாக எழுதிவைத்திருக்கிறார்.

அந்த அடியின் தழும்பு பேராலயத்தின் பக்கத்தில் இன்னும் நிற்கிறது. இருக்கும் கறுப்பு வெள்ளைப் பளிங்குக் கோயிலையே குறுக்குக் கையாக மாற்றி, அதைவிட மிகப் பெரிய ஒன்றைக் கட்டுவதென்று 1339-இல் முடிவெடுத்தார்கள். நடுக்கூடத்தின் ஒரு பக்கச் சுவரும் முகப்பும் எழும்பிய நிலையில் நோய் வந்தது. ஆளும் இல்லை, பணமும் இல்லை. போதாததற்கு, தூண்கள் பாரம் தாங்காது என்பதும் தெரியவந்தது. 1357-இல் கைவிட்டார்கள். கூரையில்லாமல் ஒற்றைச் சுவராக நிற்கும் அந்த முகப்பின் உச்சிக்கு அருங்காட்சியகத்தின் வழியாக ஏறலாம். மேலே நின்று பார்த்தால், கட்ட நினைத்த கோயிலின் உள்கூடம் இப்போது திறந்தவெளியாகக் கீழே விரிந்து கிடக்கும்.

உள்ளே தரையைப் பார்க்காமல் வரக்கூடாது. 56 சித்திரங்கள், 14-ஆம் நூற்றாண்டு முதல் 19-ஆம் நூற்றாண்டு வரை செய்தவை. பழையவற்றில் வெள்ளைப் பளிங்கைக் கீறி, கோடுகளில் கறுப்புச் சாந்து நிரப்பினார்கள். பிந்தையவற்றில் பல நிறப் பளிங்குத் துண்டுகளைப் பதித்தார்கள். தேய்ந்துவிடும் என்பதால் ஆண்டின் பெரும்பகுதி பலகை போட்டு மூடியிருக்கும். கோடையிலும் இலையுதிர் காலத் தொடக்கத்திலும் சில வாரங்கள் திறப்பார்கள். தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும், போகும் முன் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தோற்ற பிறகு மிஞ்சியது

1554-55-இல் புனித ரோமப் பேரரசர் ஐந்தாம் சார்லசின் படையும் ஃபுளோரன்சை ஆண்ட மெதிச்சி குடும்பத்தின் படையும் சேர்ந்து சியெனாவை முற்றுகையிட்டன. உணவு தீர்ந்தது. சண்டைக்கு உதவாதவர்கள் என்று சிறுவரையும் முதியோரையும் மதிலுக்கு வெளியே அனுப்பினார்கள். 1555 ஏப்ரலில் ஊர் சரணடைந்தது. 1557-இல் அது கோசிமோ தெ மெதிச்சியின் கைக்குப் போனது. மொந்தபெர்த்தியில் தோற்றவர்களே எஜமானர்களாக வந்தார்கள்.

வெளியே போர் இல்லை, உள்ளே ஆட்சி இல்லை. படை, வரி, தூது என்று குடியரசு செய்தவற்றில் எதையும் செய்ய வழியில்லை. அப்போதும் கலையாமல் நின்றவை ‘கொன்ட்ராடா’ எனப்படும் பேட்டைகள். ஒரு காலத்தில் 40-க்கும் மேல் இருந்தவை குறைந்து 17 ஆயின. ஆளுநராக வந்த பவேரிய இளவரசி வியோலாந்தே பெயாத்ரிச்சே 1729-இல் பிறப்பித்த ஆணையில் எந்தத் தெருவின் எந்த வீடுவரை யாருடையது என்று எல்லை வரையப்பட்டது. இன்றும் அதே எல்லைதான். தெருமுனைகளில் பதித்த சிறு ஓடுகளைக் கவனித்தால் எங்கே ஆமை முடிந்து எங்கே கழுகு தொடங்குகிறது என்று தெரியும். மறைந்துபோன ஆறு பேட்டைகளையும் விட்டுவிடவில்லை. பாலியோ ஊர்வலத்தில் தலைக்கவசத்தால் முகத்தை மூடியபடி ஆறு குதிரைவீரர்கள் அவற்றின் பெயரில் வருவார்கள்.

பேட்டைகளின் பெயர்கள்: கழுகு, கம்பளிப்புழு, நத்தை, ஆந்தை, டிராகன், ஒட்டகச்சிவிங்கி, முள்ளம்பன்றி, ஒற்றைக்கொம்புக் குதிரை, ஓநாய், சிப்பி, வாத்து, அலை, சிறுத்தை, காடு, ஆமை, கோபுரம், செம்மறிக்கிடா. பெயரும் சின்னமும் எப்போதும் ஒன்றாக இருக்காது. காட்டின் சின்னம் காண்டாமிருகம், அலையின் சின்னம் டால்பின், கோபுரத்தின் சின்னம் முதுகில் கோபுரம் சுமக்கும் யானை.

ஒவ்வொன்றுக்கும் சொந்தமாகக் கோயில், அருங்காட்சியகம், குதிரை லாயம், கூடிச் சாப்பிடும் மன்றம், ஒரு சிறு ஊற்று உண்டு. பேட்டைக் குழந்தைகளுக்கு அந்த ஊற்று நீரில் தனியாக ஒரு ஞானஸ்நானம் நடக்கும். கழுத்தில் பேட்டை நிறத் துணி கட்டுவார்கள். தேவாலய ஞானஸ்நானம் வேறு, இது வேறு. அமைதிக் காலத்தில் பேட்டையை நடத்துபவர் ‘பிரியோரே’, தலைவர். பாலியோ நாட்களில் அதிகாரம் முழுவதும் ‘கப்பித்தானோ’ கையில். குதிரை, ஜாக்கி, பேரம் எல்லாம் அவர் பொறுப்பு. பழைய குடியரசில் போர் வந்தால் தளபதி கைக்கு அதிகாரம் போனது போல.

பகைகளும் அப்படியே. நத்தைக்கு ஆமை, முள்ளம்பன்றிக்கு ஓநாய், கழுகுக்குச் சிறுத்தை, ஆந்தைக்கு ஒற்றைக்கொம்பு, சிப்பிக்குச் செம்மறிக்கிடா. கோபுரத்துக்கு மட்டும் இரண்டு எதிரிகள்: வாத்து, அலை. மிச்சமுள்ள நான்கு பேட்டைகளுக்கு எதிரி இல்லை. எல்லை ஒட்டியிருப்பதே பெரும்பாலும் பகைக்கு வேர். பங்காளிச் சண்டை மாதிரிதான். எதிரிப் பேட்டையைச் சேர்ந்த இருவர் கல்யாணம் செய்துகொண்டால், பாலியோ வாரத்தில் அவரவர் தாய்வீட்டுக்குப் போய்விடுவதுண்டு.

நான்கு நாள்

சதுக்கத்தைச் சுற்றி ஓடும் இன்றைய வகைப் பந்தயம் 17-ஆம் நூற்றாண்டில் தொடங்கியது. ஜூலைப் பந்தயம் 1656 முதல் ஒழுங்காக நடக்கிறது. அதற்கு முன் தெருக்களின் ஊடே நீளவாக்கில் ஓடினார்கள், எருமைகளை ஓட்டினார்கள், கழுதைப் பந்தயம் வைத்தார்கள். 17 குதிரைகளும் ஒன்றாக ஓடி விபத்துகள் நேர்ந்ததால், 1721 விதிமுறையில் பத்து மட்டும் என்று குறைத்தார்கள். முந்தைய ஆண்டு அதே மாதப் பந்தயத்தில் ஓடாத ஏழு பேட்டைகளுக்கு உரிமையாக இடம். ஓடிய பத்தில் மூன்று பேட்டைகள் குலுக்கலில் வரும்.

பந்தயத்துக்கு மூன்று நாள் முன்னால், ஜூன் 29-லும் ஆகஸ்ட் 13-லும், காலையில் குதிரைத் தேர்வு. அதற்குள் காம்போவின் ஓரத்தில் மஞ்சள் மண்ணைக் கொட்டி அழுத்தி ஓடுபாதை போட்டிருப்பார்கள். கால்நடை மருத்துவர்கள் தேர்ந்த குதிரைகள் சிறு குழுக்களாக ஓடிக் காட்டும். பிறகு பத்துக் கப்பித்தானோக்களும் தனியே கூடிப் பத்துக் குதிரைகளைப் பொறுக்குவார்கள். யாருக்கு எது வரும் என்று அப்போது யாருக்கும் தெரியாது. ஒரு குதிரை மற்ற எல்லாவற்றையும் விட எடுப்பாக இருந்தால், அது எதிரியின் லாயத்துக்குப் போய்விட்டால் என்ன செய்வது என்ற பயம் ஒவ்வொருவருக்கும் வரும். ஆகவே மிகச் சிறந்ததை ஒதுக்கிவிட்டு, ஏறக்குறைய சமமான பத்தை எடுப்பார்கள். பேராசையை அச்சம் கட்டிப்போடுகிறது. போட்டியில் சமநிலை அப்படித்தான் வருகிறது.

குலுக்கலில் வந்த குதிரையை மாற்றவே முடியாது. அதற்குக் காயம் பட்டால் அந்தப் பேட்டை அந்த முறை ஓடாது, அவ்வளவுதான். அதனால் நான்கு நாளும் ‘பார்பரெஸ்கோ’ என்ற குதிரைக்காரர் அதன் அருகிலேயே படுத்துக்கிடப்பார். ஜாக்கி விஷயம் நேர்மாறு. அவர் கூலிக்கு வருபவர், பெரும்பாலும் சார்தீனியாத் தீவிலிருந்து. பந்தயத்தன்று காலை பெயர் பதிவாகும்வரை அவரை மாற்றலாம். ஆறு ஒத்திகை ஓட்டங்கள் உண்டு: தேர்வு நாள் மாலை ஒன்று, அடுத்த இரண்டு நாளும் காலை மாலை, பந்தய நாள் காலையில் கடைசி ஒன்று. இவற்றில் யாரும் முழு வேகத்தில் ஓட்டுவதில்லை. ஜெயித்துக் காட்டுவது நோக்கமல்ல. குதிரைக்கு வளைவுகளும் புறப்படும் இடத்து வடமும் கூட்டத்தின் இரைச்சலும் பழக வேண்டும்.

ஓடுபாதையின் ஆபத்து இரண்டு வளைவுகளில் இருக்கிறது. சான் மார்த்தினோ வளைவில் பாதை கீழ்நோக்கிச் சரிந்துகொண்டே வலப்பக்கம் திரும்புகிறது. வேகத்தில் வரும் குதிரை வெளிப்பக்கமாகத் தள்ளப்படும். அங்கேதான் தடுப்பு மெத்தைகள். அடுத்த காசாத்தோ வளைவு மேடேறித் திரும்புகிறது, அங்கே சுவர் பக்கம். உயர்ந்த கால்களும் நீண்ட பாய்ச்சலும் உள்ள தூய பந்தயக் குதிரைகளுக்கு இந்தப் பாதை ஒத்துவராது, எலும்பு முறியும். அதனால் இப்போது கலப்பினக் குதிரைகளையே அனுமதிக்கிறார்கள்.

புறப்படும் முறைதான் பாலியோவின் மூளை. முன்னால் ஒரு கனத்த வடம், பின்னால் ஒரு வடம். இடையில் ஒன்பது குதிரைகள் குலுக்கலில் வந்த வரிசையில் நிற்க வேண்டும். எந்த வரிசை என்பது அந்தக் கணம்வரை யாருக்கும் தெரியாது, உறையைப் பிரித்துத்தான் கூப்பிடுவார்கள். உள்வட்டத்தில் முதல் இடம் கிடைத்தவருக்குத் தூரம் குறைவு. பத்தாவது குதிரைக்கு வடத்துக்குள் இடமில்லை. அது பின்னால் தனியாக நிற்கும்; அதை ‘ரின்கோர்சா’ என்பார்கள். அது எப்போது பாய்ந்து உள்ளே வருகிறதோ அப்போதுதான் தொடக்குபவர் மிதியை அழுத்தி முன்வடத்தை விழவைப்பார். ஆக, எப்போது புறப்படுவது என்ற முடிவு பத்தாவது ஜாக்கியின் கையில். எதிரிப் பேட்டையின் குதிரை முகம் திருப்பி நிற்கும் நொடிக்காக அவர் காத்திருப்பார். கூட்டாளிக்கு இடம் ஒழுங்காகும்வரையும் காத்திருப்பார். வரிசை கலைந்தால் தொடக்குபவர் எல்லோரையும் வெளியே அனுப்பி மறுபடி கூப்பிடுவார். அந்த ஒரு மணி நேரம் இதனால்தான்.

அந்த இடைவெளியில் ஜாக்கிகள் குனிந்து ஒருவருக்கொருவர் ஏதோ சொல்வது தெரியும். அது பேரம். ‘பார்த்தீத்தி’ என்ற ரகசிய உடன்பாடுகள் கப்பித்தானோக்களுக்கு இடையே மாதக்கணக்கில் பேசப்படுபவை: நீ ஜெயித்தால் இவ்வளவு தருவாய், என் எதிரியைத் தடுத்தால் இவ்வளவு தருவேன். வடத்தில் நிற்கும்போது நிலைமை மாறினால் தொகையும் மாறும். இது ஊழல் இல்லையா என்று வெளியூரார் கேட்பதுண்டு. சியெனாவில் யாரும் அப்படி நினைப்பதில்லை. ஊருக்கு ஊர் தூதரை அனுப்பிய குடியரசு செய்ததும் இதைத்தான். மோசமான குதிரை வந்த பேட்டைக்குக்கூட ஒரு வேலை மிச்சம் இருக்கிறது: எதிரி ஜெயிக்காமல் பார்த்துக்கொள்வது. அதுவும் ஒருவகை வெற்றி. அதனால்தான் பத்து பேட்டைகளுக்கும் கடைசிவரை ஏதோ ஒன்று கையில் இருக்கிறது.

ஓடும்போது அடிக்கும் சாட்டை உலர்த்திய காளைக் குறியால் செய்தது. குதிரையையும் அடிக்கலாம், அடுத்த ஜாக்கியையும் அடிக்கலாம். பிறர் கடிவாளத்தைப் பிடிக்க மட்டும் கூடாது. ஜாக்கி விழுந்தாலும் குதிரை தனியாகக் கோட்டைத் தாண்டினால் வெற்றி வெற்றிதான். பரிசு பேட்டைக்கு உரியது. ஒவ்வொரு முறையும் புதிதாகத் தீட்டப்படும் மாதா உருவம் தாங்கிய ஒரு நீண்ட பட்டுத் துணி. பணம் கிடையாது. மாறாக, ஜெயித்தவர்கள்தாம் வாக்களித்த தொகைகளை எல்லாம் கொடுத்துத் தீர்க்க வேண்டும். செலவு பேட்டைக்காரர்களின் பங்களிப்பிலிருந்து வருகிறது, விளம்பரதாரர் எவரும் இல்லை.

நீண்ட நாள் ஜெயிக்காத பேட்டையை ‘நொன்னா’, பாட்டி என்று அழைப்பார்கள். எதிரிகள் தெருவில் பார்த்தாலே அதைச் சொல்லிச் சீண்டுவார்கள். ஓநாய்ப் பேட்டை 1989-க்குப் பிறகு 27 ஆண்டு காத்திருந்து 2016 ஜூலையில் ஜெயித்தது, அதே ஆகஸ்டிலும் ஜெயித்தது. இரண்டாவதாக வருவதைத்தான் பெரிய தோல்வி என்று கருதுவார்கள். கடைசியில் வந்தால் யாரும் பெரிதாகக் கவலைப்படுவதில்லை. இரண்டாம் இடம் என்றால் நூலிழையில் விட்டுவிட்டோம் என்பதாகும்.

குதிரைகள் இதில் இறந்திருக்கின்றன, அதை மறைக்கத் தேவையில்லை. விலங்கு நல அமைப்புகள் தடை கேட்டு வருகின்றன. மெத்தைகளை உயர்த்தியது, இனக் கட்டுப்பாடு, கட்டாய மருத்துவ சோதனை எல்லாம் அந்த அழுத்தத்தால் வந்த மாற்றங்கள். அவை ஆபத்தைக் குறைத்திருக்கின்றன. ஆனால் சான் மார்த்தினோவின் சரிவை யாராலும் நிமிர்த்த முடியாது. ஆபத்து முழுவதுமாகப் போகாது.

போகிறவர்களுக்கு

சதுக்கத்தின் நடுவில் நின்று பார்க்கக் கட்டணமில்லை. ஆனால் உள்ளே போய்விட்டால் பந்தயம் முடியும்வரை வெளியே வர வழியில்லை. நிழல் கிடையாது, கழிப்பறை கிடையாது. ஜூலை வெயிலில் நாலைந்து மணி நேரம் நிற்க வேண்டும். குழந்தைகளோடு போகிறவர்கள் இதற்குப் பதிலாக மாலை ஒத்திகைகளில் ஒன்றைப் பார்ப்பது நல்லது. அதே குதிரைகள், அதே நிறங்கள், அதே பேட்டைப் பாட்டுகள், கூட்டம் குறைவு. முந்தின இரவு தெருக்களில் நீள மேசை போட்டு நடக்கும் பேட்டை விருந்துக்குச் சில பேட்டைகள் வெளியாருக்கும் சீட்டு விற்கும்.

பேட்டைக் கழுத்துத் துணியைக் கடையில் வாங்கிக் கட்டிக்கொண்டு எதிரிப் பேட்டைத் தெருவில் நடக்கக் கூடாது. குதிரையை அழைத்து வரும்போது சத்தம் போடக் கூடாது, பேட்டைக்காரர்களே மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒதுங்குவார்கள். பந்தயத்தன்று பிற்பகலில் குதிரையைப் பேட்டைக் கோயிலுக்குள்ளேயே கொண்டுபோய்ப் பாதிரியார் ஆசீர்வதிப்பார்: “போ, ஜெயித்து வா!” அங்கே அது சாணம் போட்டால் நல்ல சகுனம்.

மழை பெய்தால் மண்பாதை வழுக்கும். அரண்மனைச் சன்னலில் பச்சைக் கொடி தெரிந்தால் அன்று பந்தயம் இல்லை என்று பொருள். 2024-இல் ஜூலைப் பந்தயம் 4-ஆம் தேதிக்குத் தள்ளிப்போனது. ஆகவே ஊர் திரும்பும் ரயில் சீட்டை அடுத்த நாளுக்கே எடுத்துவிடாதீர்கள்.

ஜெயித்த பேட்டை அந்த நிமிடமே பட்டுத் துணியைத் தூக்கிக்கொண்டு ஓடும், ஜூலையில் புரொவென்சானோ மாதா கோயிலுக்கு, ஆகஸ்டில் பேராலயத்துக்கு, நன்றிப் பாட்டுப் பாட. வெற்றி விருந்து இலையுதிர் காலத்தில் நடக்கும். ஆயிரக்கணக்கானோருக்குத் தெருவில் மேசை போட்டு, தலைமேசை அருகே தனித் தொட்டியில் தீவனம் வைத்துக் குதிரையை நிறுத்துவார்கள். அடுத்த ஜூலையில் அதே குதிரை குலுக்கலில் எதிரியின் லாயத்துக்குப் போகலாம், அதே ஜாக்கி எதிரியின் நிறத்தில் வரலாம்.